வைகாசி மழையும் ஆச்சியின் தறப்பாளும்

வைகாசி மாதத்தில் வன்னியில் மழைக்கு ஆயத்தமாகிப் பயணம் புறப்படும் ஒருவரைக் கண்டால் நகைக்காதவர் அரியர். மாரி விடைபெற்று நாலு மாதம் சென்றிருக்கும். சிறுபோகம் செய்த வயல்கள் சில பச்சையாய் நிற்க, ஏனைய தரை வெடித்துக் கிடக்கும். சோளகக் காற்று வீதிப் புழுதியை வாரி வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். அத்தகைய ஒரு நாளில், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் புறப்பட்ட எங்கள் பேருந்தில், எமது ஒழுங்கையைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் சில பொருள்களை ஏற்றுவித்தார். மடித்துக் கட்டிய பெரிய தறப்பாள் ஒன்று, கயிற்றுக் கட்டு ஒன்று, மண்வெட்டி ஒன்று, வெற்று உரப்பைகள் நாலைந்து, இறுக மூடிய வாளி ஒன்று.

எங்களுடன் வந்தவர்கள் உயர்தர வகுப்பு மாணவர் பதின்மரும் அவர்தம் குடும்பத்தாரும். மாணவன் ஒருவன் என் காதருகே குனிந்து, "சேர், ஆச்சி வீடு மாறுறா போல கிடக்கு" என்றான். அவன் மெல்லச் சொன்னதாகவே எண்ணினான். ஆச்சியின் செவி கூரியது. "வானம் எங்களைக் கேட்டே பெய்யிறது, தம்பி?" என்று மட்டும் சொல்லிவிட்டு, யன்னலோரத்து ஆசனத்தில் அமர்ந்துகொண்டார். நானும் அன்று நகைத்தவர்களுள் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வற்றாப்பளைப் பொங்கலை அறியாத வாசகர்கட்கு ஒரு வார்த்தை. முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலின் கரையில் உள்ளது இவ்வாலயம். மதுரையை எரித்த பின்னர் ஈழத்துக்கு வந்த கண்ணகி தங்கிய இடங்களுள் இது பத்தாவது என்றும், பத்தாம்பளை என்பதே வற்றாப்பளை ஆயிற்று என்றும் சொல்லுவர். வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமையில் பொங்கல் நிகழும். அதற்கு ஒரு வாரம் முன்னதாகச் சிலாவத்தைக் கடற்கரையில் எடுக்கப்படும் கடல்நீர், முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் வைக்கப்பட்டு, அந்நீரிலே விளக்கெரிக்கப்படுவது வழக்கம். ஐதிகக் கதையும் இதனோடு ஒட்டியதே. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் பசியோடு வந்தாள் ஒரு மூதாட்டி. அவர்கள் அவளுக்கு ஒரு கொட்டில் அமைத்துக் கொடுத்துப் பொங்கியும் படைத்தனர். விளக்குக்கு எண்ணெய் இல்லையே என்று மயங்கியபோது, கடல்நீரை அள்ளி வார்க்கச் சொன்னாள். ஆகவே இவ்விழாவின் தொடக்கமே ஒரு கொட்டிலில்தான் என்று கொள்ள இடமுண்டு.

பொங்கலன்று வன்னியின் நாலா திசையிலிருந்தும், யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய இடங்களிலிருந்தும் மக்கள் திரளுவர். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார்களும் இப்பொங்கலைக் கண்டே மேலே நடப்பர். இரவு முழுவதும் எவரும் உறங்குவதில்லை. உறங்குவதாயின் பாயை விரித்து வெளியிலேதான். நாதசுரமும் தவிலும், உடுக்கொலியும், பொங்கற் பானைகளின் புகையும் நிறைந்த அந்த இரவுக்காகவே பலர் வருகின்றனர். கோவலன் கதையை முல்லைமோடி என்னும் தனிப்பாணியிற் கூத்தாக ஆடி வருவதும் இப்பகுதிக்குரிய மரபு. மேலைநாட்டார் வயல்வெளிகளில் கூடாரமடித்து மூன்று நாள் பாட்டுக் கேட்பதைப் பெரிய புதுமையாகப் பேசுகின்றனர். நம்மவர் பாயும் பானையுமாய் எத்தனையோ தலைமுறையாகச் செய்து வருவது அதுவேயன்றி வேறன்று.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நல்ல இடங்கள் பெரும்பாலும் பிடிபட்டுவிட்டன. மாணவர்கள், சாரணரிடம் இரவல் பெற்று வந்த வளைகம்பிக் கூடாரங்களை நிமிர்த்துவதற்கு ஒரு தரையைக் கண்டுபிடித்தனர். அது பாய் விரித்தாற்போல் மட்டமாயும் மெதுவாயும் இருந்தது; ஒரு முள்ளில்லை, ஒரு கல்லில்லை. அத்தகைய இடம் யாருக்கும் அகப்படாமற் கிடந்தது எப்படி என்று ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. ஆச்சி மட்டும் குனிந்து, மேல்மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பொடிப்பொடியான வண்டல், ஓடு போலச் சிறு துண்டுகளாய் உரிந்து வந்தது. தரையின் ஓரத்தில் காய்ந்த சருகுகளும் குச்சிகளும் ஒரு கோடு கிழித்தாற்போல ஒதுங்கியிருந்தன.

"தண்ணி படுத்த இடத்திலயோ நீங்கள் படுக்கப்போறியள்?" என்று கேட்டார்.

தரை மட்டமாய் இருந்ததன் காரணம் அதுவே. மாரியில் வெள்ளம் நின்று படிந்த இடம் அது. சருகுக் கோடு வெள்ளம் வரைந்து வைத்த எல்லை. நான் புவியியல் படித்தவன். மாணவர்க்குப் படிவுகளைப் பற்றிப் பாடம் நடத்துபவன். ஆயினும் அன்று, "வைகாசிதானே ஆச்சி" என்று மாணவர் பக்கம் சேர்ந்து கொண்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. முப்பது நாற்பது அடி தள்ளிச் சற்றே மேடாயிருந்த, கரடுமுரடான ஓரிடத்தில் தம் தறப்பாளை அவிழ்த்தார். இரு சிறுவர்கள் விளையாட்டாய் அவருக்குக் கைகொடுத்தனர்.

இரவு இரண்டு மணிக்கு மேலிருக்கும். அந்திமுதல் ஓயாது வீசிய சோளகம் சட்டென நின்றது. வியர்த்துக் கொட்டியது. பின்னர் நேர் எதிர்த் திசையிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று புழுதி மணத்தோடு வந்து முகத்தில் அறைந்தது. இடிமுகில் ஒன்று மழையைக் கொட்டத் தொடங்குமுன், அதன் அடியிலிருந்து கீழிறங்கிப் பரவும் குளிர்காற்று முன்னே ஓடிவரும். அதன் பின் பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தை நாங்கள் வானத்தைப் பார்த்து வியப்பதிலே செலவிட்டோம்.

மழை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பெய்தது. கூடாரங்களின் மேற்சீலை ஒழுகவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மழை மேலிருந்து வந்தது. தண்ணீரோ கீழிருந்து வந்தது. முதலில் பாய் ஈரமாயிற்று. பின்னர் பாய் மிதந்தது. கைவிளக்கைத் தேடினால் அது எந்தப் பையின் எந்த மூலையில் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. குழந்தைகள் வீரிட்டன. மின்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, மேட்டில் ஆச்சியின் கொட்டில் அசையாமல் நின்றது. உள்ளே சிறு விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினோம்.

அக்கொட்டிலை நான் பொழுது விடிந்த பின் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அதில் விலைகொடுத்து வாங்கியது தறப்பாளும் கயிறுமே. ஆயினும் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பாடம் இருந்தது. முகடு உயர்ந்தும் இருபுறமும் செங்குத்தாகவும் இறங்கியிருந்தது; சரிவு குறைந்தால் நீர் தேங்கித் தறப்பாள் வயிறு வைக்கும், வயிறு வைத்தால் கிழியும். அதன் ஒரு பக்கம் நிலத்தைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருந்தது. தறப்பாளின் கண்ணி வளையங்கள் இரண்டு பிய்ந்து போயிருந்தமையால், அம்மூலைகளில் ஒரு கூழாங்கல்லை உட்புறமாக வைத்து, சீலையோடு சேர்த்துக் கல்லின் கழுத்தில் கயிற்றை இறுக்கியிருந்தார். வளையம் பிய்யும், கல்லுக் கட்டு பிய்யாது. நிலம் மணலாதலால் முளை நிற்காது என்று கண்டு, உரப்பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றின் நடுவிற் கட்டி, முழங்கையளவு ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து விட்டிருந்தார். நாங்கள் அறைந்த இரும்பு முளைகள் வெண்ணெயில் குத்திய ஊசிபோல எழும்பி வந்தமை நினைவுக்கு வந்தது.

கொட்டிலைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் ஓடை வெட்டப்பட்டிருந்தது. மேட்டுப் பக்கத்தில் பிறை வடிவாக ஆழமாயும், தாழ்ந்த பக்கத்தில் ஒரே வாயாய் வெளியேறுவதாயும் அமைந்த ஓடை அது. உள்ளே விரித்த நிலச்சீலை, கூரைத் தாழ்வாரத்துக்கு வெளியே ஒரு விரலளவேனும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை; ஓரங்கள் உட்புறமாக மடிக்கப்பட்டிருந்தன. எங்கள் மாணவர்கள் நிலச்சீலையைப் பெருமையோடு வெளியே நீளவிட்டிருந்தார்கள். கூரையிலிருந்து வழிந்த நீர் அதன்மேல் விழுந்து நேரே படுக்கைக்கு ஓடிவந்தது. கூரைக் கயிறுகளில், கொட்டிலுக்குள் நுழையுமிடத்துக்குச் சற்று முன்னே, துணிக் கிழிசல்களை முடிந்து தொங்கவிட்டிருந்தார் ஆச்சி. கயிறு வழியாய் ஓடிவரும் நீர், கிழிசலில் இறங்கிச் சொட்டிப் போய்விடும். கயிறும் இரண்டு வகை. நைலோன் கயிறு நனைந்தால் நெகிழும். அதை மழை தொடங்கியதும் ஒரு தடவை இறுக்க வேண்டும். தும்புக் கயிறு நனைந்தால் சுருங்கி இழுக்கும்; அதைத் தளர்த்தாவிட்டால் சீலையையோ கப்பையோ முறித்துவிடும். இதனை அவர் எழுந்து சென்று இருட்டிலேயே செய்திருக்கிறார்.

மூடிய வாளியிலே இருந்தவை: பொலித்தீன் பையிற் பொதிந்த ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, ஒரு பொட்டலம் பனங்கட்டி, அவித்த மோதகம். வாளியைக் கவிழ்த்தால் ஆசனம், நிமிர்த்தினால் பெட்டி, மழை விட்டபின் நீர் இறைக்கும் பாத்திரம்.

இவற்றையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பின்னர் எண்ணினேன். 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பிற்பகுதியில் "நிசா" என்ற புயல் வடபகுதி முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. போரினால் ஊர் விட்டு ஊர் பெயர்ந்த மக்கள், தருமபுரம், விசுவமடு முதலிய பகுதிகளில் மரங்களின் கீழும் வீதியோரங்களிலும் தறப்பாள் கட்டி இருந்த காலம் அது. "கிடங்கு வெட்டாத கொட்டிலுக்குள்ள எட்டு நாள் தண்ணியில நிண்டனாங்கள், மாஸ்ரர். ஒன்பதாம் நாள் வெட்டப் பழகினம்" என்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், வவுனியா செட்டிகுளத்தை அடுத்த மனிக்பாம் முகாமில் மழை வெள்ளம் கூடாரங்களுக்குள் புகுந்தபோது, அவர் அயலிலிருந்த நாலு கூடாரங்களுக்கு ஓடை வெட்டிக் கொடுத்தாராம். ஆவணி மழையை அங்கே எவரும் எதிர்பார்க்கவில்லை. அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆச்சி அங்கிருந்து கொண்டுவந்த பொருள்களுள் இத்தறப்பாளும் ஒன்று.

அந்த மாணவர்களிற் பலர் அவ்வாண்டுகளில் பிறந்தவர்கள். தாயின் மடியில் அத்தகைய கூரையின் கீழ் உறங்கியவர்கள். தறப்பாளுக்கும் தமக்கும் உள்ள உறவை அவர்கள் அறியார். வீட்டிலே பெரியவர்கள் அக்காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாமலிருப்பதற்கு அவர்கட்குக் காரணம் உண்டு. ஆனால் முடிச்சுப் போடுவதைப் பற்றிப் பேசலாமே! அன்று காலை ஆச்சி, தம்மை நகைத்த அதே மாணவனுக்குக் கல்லுக் கட்டுப் போடக் கற்றுக் கொடுத்தார். அரைமணி நேரத்தில் அவன் என்னிலும் நன்றாகப் போட்டான்.

வைகாசியில் மழை வராது என்பது வெறும் நம்பிக்கை. 2016ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியில், பின்னர் "றோனு" எனப் பெயர் பெற்ற புயலுக்குக் கருவாய் அமைந்த தாழமுக்கம், இலங்கை முழுவதும் பெருமழையைக் கொட்டியது. அரநாயக்க மண்சரிவு நிகழ்ந்தது அம்மாதம் 17ஆம் திகதி. கிளிநொச்சிப் பகுதியார் பெருந்திரளாய்க் கூடும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலோ பங்குனி உத்தரத்தில் வருவது. பங்குனி, சித்திரை மாதங்கள் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்டவை. காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும், மாலையில் இடிமுகில் எழும்பும். ஐப்பசியில் கந்தசஷ்டிக்கும் மார்கழியில் திருவெம்பாவைக்கும் கோயிலில் தங்குவோர்க்கு மழையைப் பற்றி யாரும் சொல்லவேண்டியதில்லை. 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஓரிரவிற்குள் வெள்ளக்காடானதை மறந்தவர் யார்? ஆகவே எந்த மாதமாயினும் புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்துக் கொள்வது இழுக்கன்று. தமிழிலும் அது கிடைக்கிறது. கொட்டிலின் தாழ்ந்த பக்கம் காற்றை நோக்கி இருக்கவேண்டும்: வைகாசியில் சோளகம் வரும் தென்மேற்கை நோக்கி, மாரியில் வாடை வரும் வடகிழக்கை நோக்கி. இடிமுகிற் காற்று மட்டும் இவ்விதிக்குக் கட்டுப்படாது. அது நினைத்த திசையிலிருந்து வரும். அதனாற்றான் ஆச்சி நாற்புறமும் கயிறு விட்டிருந்தார்.

இந்த விஷயத்தில் செல்வம் மிகுந்த நாட்டாரும் நம்மினும் மேலானவர்களாய் நடந்துகொள்ளவில்லை என்பது எனக்குச் சற்று ஆறுதல். 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் வூட்ஸ்ரொக் என்ற பெயரால் ஒரு பால்பண்ணை வெளியில் நடந்த இசைவிழாவுக்கு நான்கு இலட்சம் பேர் வந்தனர். மூன்றாம் நாள் புயல்மழை வந்து இசையைப் பல மணி நேரம் நிறுத்திவிட்டது. இறுதிக் கலைஞரான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையேறியபோது மறுநாட் காலையாகிவிட்டது. கூட்டத்தின் பெரும்பகுதி சேற்றைச் சுமந்துகொண்டு வீடு திரும்பிவிட்டது. இங்கிலாந்தில் 1970 முதல் கிளாஸ்ரன்பரி விழா நடைபெறுவது ஒரு பள்ளத்தாக்குப் பண்ணையில். 1997இலும் 1998இலும் அது சேற்று விழாவாகவே பேர்பெற்றது. 2005இல் இடிமழை ஒன்று தாழ்ந்த பகுதியிலிருந்த கூடாரங்களை மூழ்கடித்தது. அங்கேயும் மட்டமான பள்ளத்தை விரும்பி இடம்பிடித்தவர்கள் இருந்தார்கள் போலும்!

இவற்றுள் நமக்கு மிக நெருங்கிய பாடம் நெவாடாப் பாலைவனத்து விழாவினுடையது. வற்றிய ஏரியொன்றின் படுகையில், 2023 செப்டெம்பர் தொடக்கத்தில் எழுபதினாயிரம் பேரளவில் கூடியிருந்தபோது, ஓரங்குலத்துக்கும் குறைந்த மழையே பெய்தது. ஆனால் அந்த உவர்வண்டல் பசையாக மாறிற்று. வாகனங்கள் அசையவில்லை; பாதைகள் மூடப்பட்டன; உணவையும் நீரையும் சிக்கனமாய்ப் பயன்படுத்துங்கள் என்று அறிவிக்கவேண்டியதாயிற்று. நந்திக்கடலோரத்து உவர்த்தரைகளும், வற்றிய குளங்களின் அலைகரையும் இவ்வகையினவே. காய்ந்திருக்கையில் லொறியும் ஓடலாம். ஒரு மழைக்குப் பின் மாட்டு வண்டியும் புதையும். வன்னியின் உள்நிலத்துச் செம்மண் வேறு குணமுடையது. வெயிலில் பாறையாய் இறுகி முளையை ஏற்க மறுக்கும். நனைந்தபின் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. கடலோர மணல் நீரை உடனே குடித்துவிடும்; ஆனால் எதையும் பிடித்து வைக்காது. ஆகவே வாகனத்தை எப்போதும் கிறவல் வீதியிலேயே நிறுத்தி, திரும்பிப் போகும் திசையைப் பார்த்தபடி விட்டுச் செல்லவேண்டும். ஒரு நாள் கூடுதலாய்த் தங்க நேரிடின் போதுமான அவலும் குடிநீரும் வேண்டும். வெள்ளம் வழிந்து புகுந்த கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமற் பருகலாகாது.

நனைவது பெரிதன்று, நனைந்தவன் காய்ந்துவிடுவான். இரவு மழையில் அஞ்சவேண்டியவை வேறு. முதலாவது மின்னல். வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடையே எண்ணிப் பாருங்கள். மூன்று செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அடுத்தது எங்கேயும் விழலாம். தனிமரத்தின் கீழ் ஒதுங்குவது நம்மவரின் பழைய பிழை. தறப்பாளும் கூடாரமும் மழைக்கு மறைவேயன்றி மின்னலுக்கு மறைவல்ல. உறுதியான கட்டடமோ, கதவடைத்த பேருந்தோதான் பாதுகாப்பு. அன்று ஆச்சியே குழந்தைகளைத் தம் கொட்டிலில் வைத்துக்கொள்ளாது, துடைத்துப் போர்த்திப் பேருந்துக்கு அனுப்பினார். கடைசி இடி கேட்டு அரைமணி சென்ற பின்னரே அவர்களை வெளியே விட்டோம்.

அடுத்தது மின்சாரம். விழா வெளிகளில் ஒலிபெருக்கிக்கும் விளக்குகளுக்கும் மின்பிறப்பாக்கியிலிருந்து இழுக்கும் வயர்கள் புல்லுக்குள் கிடக்கும். பழைய வயர், இணைப்பில் ஒரு சுற்று நாடா, மேலே மழை நீர். இத்தகைய இடத்தில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கினால் மேடைக்காரர் முதலிற் செய்யவேண்டியது மின்பிறப்பாக்கியை நிறுத்துவதே. பாட்டு நின்றுவிட்டதே என்று அவரை ஏசுவது அறியாமை.

பாம்புகளும் மழையில் தம் புற்றை விட்டு உயர்ந்த இடம் தேடும். கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையிற் படுத்திருப்பவரைக் கடித்தாலும் பெரும்பாலும் நோவிராது. வயிற்றுவலி, இமை சரிதல் என்று பின்னர் தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும். நுளம்பு வலையின் விளிம்பைப் பாயின் அடியிற் செருகிப் படுப்பது நுளம்புக்கும் பாம்புக்கும் ஒருங்கே காவல். ஐயம் தோன்றினால் விஷகல் தேடிக் காலம் போக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில், வற்றாப்பளைக்கு அருகிலேயே உள்ளது. தேங்கிய நீரில் காற்புண்ணோடு உழக்கிய பின் சில நாளிற் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் கண்டால், மழையில் நனைந்ததால் வந்த தடிமன் என்று எண்ணி வீட்டிற் கிடக்கலாகாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கவர்ந்ததை நாம் கண்டோம்.

இன்னொன்று வன்னிக்கே உரியது. கப்புக்குத் தடி வெட்டவோ, ஒதுக்கிடம் தேடியோ பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்கவேண்டாம். வெடிபொருள் அகற்றும் பணி பல இடங்களில் நிறைவெய்தினும் முற்றாக ஓயவில்லை. மழை கழுவிய மண்ணில் பழைய இரும்பு மேலே தெரிவதுண்டு. தெரிந்தால் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி வந்து அறிவிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு இதனைப் புறப்படுமுன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். விழாக் கலகலப்பில் சொன்னால் காதில் ஏறாது.

அன்றிரவு நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. நாங்கள் குழந்தைகளைப் பேருந்துக்கு அனுப்பிவிட்டு, ஆச்சியின் கொட்டில் வாசலில் இடத்துக்காகக் காத்து நின்றோம். அப்போது மேளகாரர் இருவர் மழையில் ஓடி வந்தனர். ஒருவர் தம் சால்வையையும் கழற்றித் தவிலின் மேற் சுற்றி, குழந்தையை அணைப்பதுபோல் மார்போடு அணைத்திருந்தார். தவிலின் வலந்தலைத் தோல் ஈரக்காற்றுப் பட்டாலே சுருதி இறங்கிவிடும்; மழையில் நனைந்தால் பின்னர் அதை மீட்பது பெரும்பாடு. அளவெட்டித் தெட்சணாமூர்த்தி (1933–1975) காலத்திலிருந்தே நம் கோயில் வீதிகளில் விடியும்வரை மேளச்சமாக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் மழை வந்தால் வாத்தியத்தை எங்கே வைப்பது என்று எந்த விழாச் சபையாவது முன்கூட்டி யோசித்ததாக நான் அறியேன். மேடைக்கு ஒரு கூரை போடுவார்கள். கூரையின் பக்கங்கள் திறந்தே கிடக்கும்.

கொட்டிலுக்குள் இன்னும் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. வாசலில் நான் நனைந்து நிற்கிறேன். எனக்குப் பின்னால் தவில்காரர். ஆச்சி விளக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"தவிலை முதல் உள்ளுக்கை வையுங்கோ, தம்பி. மாஸ்ரர் நனைஞ்சால் காய்வார்."

தவில் உள்ளே சென்று, கவிழ்த்த வாளியின் மேல், ஆச்சியின் உலர்ந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தது. நான் தாழ்வாரத்தின் கீழ், ஓடையில் நீர் ஓடுவதைப் பார்த்தபடி நின்றேன். கிழக்கு வெளுக்கும் வேளையில் மழை முற்றாக விட்டது. மேளகாரர் தவிலை வெளியே எடுத்து, பொங்கல் அடுப்பொன்றின் அனலில் சற்றே காட்டி, விரலால் தட்டிப் பார்த்தார். பின்னர் கோயிற் பக்கமாக நடந்தார்.